டெபியனையே போடு, பாப்பா

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். அண்ணன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் படிக்கப் போகிறாயாமே, உன் அப்பா சொன்னான். ரொம்பச் சந்தோஷம். ராஜபாளையத்தில் உன்னோடு பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு டிஸ்ட்ரோவின் (லினக்ஸ் வகையின்) பெயரைச் சொல்லிக் குழப்புகிறார்களாம். நான் ஒரே பெயரைத்தான் சொல்வேன்: டெபியன், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்போடு.

2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தின் முதல் லேப்டாப்களில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது பாஸ். அதற்கு அடித்தளமே டெபியன்தான். லினக்ஸ் நம் பிள்ளைகளின் வீடு தேடி வந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நம் தெருவில் பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இடத்தை அடைக்கிறது என்று அழித்தவர்களும் உண்டு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய மெஷினில் ராமைத் தின்பது டெஸ்க்டாப்பும் பிரவுசரும். க்னோம் டெஸ்க்டாப் போட்டால் 2 ஜிபியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி இரண்டும் சிக்கனமானவை. அப்போதும் பிரவுசரில் இரண்டு மூன்று டேபுக்கு மேல் திறக்காதே. கையில் காசு சேர்ந்தால் முதலில் ராமைக் கூட்டு, பிறகு ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடு. வேறு எந்த டிஸ்ட்ரோவுக்கு மாறினாலும் அந்த வேகம் கிடைக்காது.

படிக்க ஏன் டெபியன் என்று கேட்பாய். 1993-இல் தொடங்கிய அது ஆலமரம். உபுண்டு, மின்ட், ஆன்டிஎக்ஸ், ராஸ்பெரி பை ஓஎஸ் எல்லாம் அதன் விழுதுகள். மென்பொருள் நிறுவ இங்கே பழகிய 'ஆப்ட்' கட்டளை அங்கேயும் அப்படியே ஓடும். நாளை வேலைக்குப் போகிற இடத்தில் சர்வரில் உபுண்டு இருந்தாலும் உனக்குப் புதிதாக இருக்காது. புதுப் பதிப்பு ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் படிப்புக்கு நடுவே மெஷின் அடிக்கடி மாறாது. முன்பெல்லாம் வைஃபைக்கான ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அது இன்ஸ்டாலரிலேயே இருக்கிறது.

உன் தோழி வீட்டில் 32 பிட் மட்டும் ஓடுகிற பழைய டெஸ்க்டாப் இருந்தால் கதை வேறு. டெபியன் 13-இல் அதற்கு இன்ஸ்டாலர் கிடையாது. ஆன்டிஎக்ஸ் 23 போடச் சொல். 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியாவிட்டால் டெர்மினலில் 'எல்எஸ்சிபியூ' அடித்துப் பார்க்கட்டும்.

போட்ட பிறகு ஒரு வருடம் மாற்றாதே, பாப்பா. ஏதோ ஒருநாள் சத்தம் வராது, பிரிண்டர் ஓடாது. வேறு டிஸ்ட்ரோ போடு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. ரூட் உரிமையோடு 'dmesg' அடித்து கெர்னல் என்ன சொல்கிறது என்று வரிவரியாகப் படி, எந்த டிரைவர் ஏறவில்லை என்று தேடு. அந்த ஒரு ராத்திரியில் கற்பது பத்து டிஸ்ட்ரோ மாற்றினாலும் வராது. ஆங்கிலத்தில் திணறினால் கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றித் தமிழிலேயே இலவச மின்னூல்கள் இருக்கின்றன. தமிழ் தட்டச்சுக்கு 'ஐபஸ் எம்17என்' நிறுவி, தமிழ்99 விசைப்பலகையையே பழகு.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். டெபியனின் லைவ் பதிப்பை அதில் ஏற்றி, எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார். வைஃபை, சத்தம், கீபோர்டு மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள். அண்ணனின் பழைய போட்டோக்கள் அந்த லேப்டாப்பில்தான் இருக்கும். அவனிடம் கேட்டு அவற்றை வேறிடத்தில் காப்பி எடுத்து வைத்த பிறகே இன்ஸ்டால் பட்டனைத் தொடு.

அன்புடன்,
பெரியப்பா