குடும்பத்தோடு வெளிநாட்டுப் பயணம்: டிக்கட்டை எப்போது வாங்குவது?

மடவளை பஸாரில் புடவைக் கடை வைத்திருக்கும் என்னிடம், பாடசாலை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நண்பர்கள் சிலர் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "நானா, மலேசியா போக யோசிக்கிறோம். டிக்கட் இப்பவே போடவா, கொஞ்சம் பொறுக்கவா?" நான் ட்ரவல்ஸ் நடத்துபவனல்லன். ஆனால் இந்த விடயத்தில் ஒரு தடவை நன்றாகக் கையைச் சுட்டுக் கொண்டவன் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இம்முறை வாசகர்களுக்கு எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

நான் செய்த பிழை

2017 ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறைக்குக் கோலாலம்பூர் போவதென்று வீட்டில் முடிவாகியது. நானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் உம்மாவுமாக ஆறு பேர். செப்டம்பர் மாதத்தில் ஒரு முகவரிடம் விலை கேட்டேன். அவர் சொன்ன விலை எனக்குக் கட்டுப்படியாகக் கூடியதுதான். ஆனாலும் என் வியாபாரப் புத்தி குறுக்கே வந்தது.

பெருநாள் சீசனில் எங்கள் கடைகளில் என்ன நடக்கிறது? நோன்பின் நடுப்பகுதியில் நல்ல விலைக்குப் போகும் துணி, பெருநாள் முடிந்த பின்னரும் மீதமாகக் கிடந்தால் வாங்கிய விலைக்கே தள்ளி விடுகிறோம். துணியையாவது அடுத்த பெருநாள்வரை மடித்து வைக்கலாம். விமானம் புறப்பட்ட பின்னர் வெறுமையாகப் போன இருக்கைக்கு ஒரு சதமும் பெறுமதியில்லை. எனவே கடைசி நேரத்தில் அவர்கள் விலையைக் குறைத்துத்தானே ஆக வேண்டும்? இப்படி நினைத்து, "பொறுப்போம்" என்றேன்.

ஒக்டோபரில் விலை சற்றுக் கூடியது. திரும்ப இறங்கும் என்றிருந்தேன். நவம்பர் நடுப்பகுதியில் டிக்கட் ஒன்றுக்கு 21,000 ரூபா கூடியிருந்தது. ஆறு பேருக்கு 126,000 ரூபா. நான் இரவில் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்ததை உம்மா கவனித்திருக்க வேண்டும். அடுத்த நாள் சாப்பாட்டின்போது, "எனக்கு முழங்கால் வலி மகன், அவ்வளவு தூரம் ஏலாது. நீங்க புள்ளைகளோட போயிட்டு வாங்க" என்றார். முந்திய வாரம்வரை அந்த வலி இருக்கவில்லை. நான் மறுத்துப் பேசினேன். ஆனால் போதியளவு மறுத்துப் பேசவில்லை. ஐந்து பேராகப் போய் வந்தோம்.

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வீதியில் வரிசையாகப் புடவைக் கடைகள். காலமெல்லாம் துணியோடு வாழ்ந்த உம்மா பார்த்திருக்க வேண்டிய இடம். சின்ன மகள் அங்கு நின்று, "உம்மும்மாவையும் கூட்டி வந்திருக்கலாமே வாப்பா" என்றாள். ஊருக்குத் திரும்பியதும், என் கணக்கு எங்கே பிழைத்தது என்று தேடிப் பார்த்தேன்.

விமான நிறுவனம் விற்கும் முறை

புடவைக் கடையில் கடைசியாக வருபவர் விலை பேசுபவர். விமான நிறுவனத்திடம் கடைசியாக வருபவரோ விலை பேச முடியாதவர். அவசர வியாபாரம், மருத்துவம், மையித்து என்று வருபவர் சொன்ன விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். அவருக்காக இருக்கைகளை ஒதுக்கி வைப்பதுதான் விமான நிறுவனங்களின் வியாபாரம்.

1972 ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் என்பவர் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். ஓர் இருக்கையின் முழு விலை 100,000 ரூபா, குறைந்த விலை 60,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். முழு விலைக்கு ஒருவர் பின்னர் வருவார் என்பதற்கு நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வாய்ப்பு இருந்தால், இன்று 60,000 கொடுப்பவருக்கு அந்த இருக்கையை விற்காமல் வைத்திருப்பதே இலாபம். சில இருக்கைகள் வெறுமையாகப் போனாலும் மொத்தத்தில் நட்டமில்லை. 1985 ஆம் ஆண்டில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனம், முன்கூட்டியே வாங்குவோருக்கு மட்டும் மிகக் குறைந்த விலை என்ற திட்டத்தைக் கணினி உதவியுடன் பெரிய அளவில் நடத்தி வெற்றி கண்டது. இன்று எல்லா நிறுவனங்களும் இந்த வழியில்தான் போகின்றன.

ஆகவே ஒரே விமானத்தில், ஒரே வகுப்பில் இருக்கும் இருக்கைகள் பல விலைக் கட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மலிவான கட்டு முடிந்தால் அடுத்த கட்டு திறக்கும். விற்பனை மந்தமானால் சில வேளை மலிவான கட்டு மீண்டும் திறக்கப்படலாம். ஆனால் எல்லோரும் போக விரும்பும் விடுமுறை நாட்களில் அதை எதிர்பார்த்திருப்பது வீண்.

பெரிய குடும்பத்துக்கு உள்ள சிக்கல்

தனி ஆளுக்கு இது பெரிய பிரச்சினையல்ல. எங்களைப் போல ஆறேழு பேராகப் போகிறவர்களுக்குத்தான் அடி. மலிவான கட்டில் நான்கு இருக்கைகள் மட்டும் மீதமிருக்கும்போது ஆறு பேருக்கு ஒன்றாகத் தேடினால், பெரும்பாலான கணினி முறைகள் ஆறு பேருக்கும் அடுத்த கட்டின் விலையையே காட்டும். நான்கு மலிவு இருக்கைகள் இருப்பதே நமக்குத் தெரியாது.

எனவே முதலில் ஒருவருக்கு மட்டும் விலை பாருங்கள். பின்னர் முழுக் குடும்பத்துக்கும் பாருங்கள். ஆள் ஒன்றுக்கான விலை வித்தியாசப்பட்டால், இரண்டு பதிவுகளாகப் பிரித்து வாங்க முடியுமா என்று முகவரிடம் கேளுங்கள். பிரிக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். விமான நேரம் மாற்றப்பட்டால் இரண்டு பதிவுகளையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

பிள்ளைகளின் வயதும் கணக்கில் வரும். இரண்டு வயதுக்குக் குறைந்த கைக்குழந்தைக்குத் தனி இருக்கையின்றிச் சிறு தொகைதான். ஆனால் போகும்போது இரண்டு வயது நிறையாமல், திரும்பும்போது நிறைந்துவிட்டால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்க வேண்டும். இரண்டு முதல் பதினொரு வயதுவரை வழமையான நிறுவனங்கள் பல கழிவு கொடுக்கின்றன. மலிவு விலை நிறுவனங்களில் பொதுவாகப் பிள்ளைக்கும் பெரியவர் விலைதான். அங்கு பொதி, உணவு, இருக்கைத் தெரிவு எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பணம். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று சொல்ல வேண்டும்.

எமது விடுமுறையும் நாட்டின் விடுமுறையும்

முஸ்லிம் பாடசாலைகளின் தவணைத் திகதிகள் சிங்கள, தமிழ்ப் பாடசாலைகளின் திகதிகளிலிருந்து வேறுபடுகின்றன. நோன்பு விடுமுறை எமக்குத் தனியாக உண்டு. இது வியாபாரக் கண்ணோடு பார்த்தால் ஒரு வாய்ப்பு. நாடே புறப்படும் நாட்களில் நாமும் புறப்பட வேண்டிய அவசியம் சில வருடங்களில் இல்லை.

பிறைக் கணக்கில் நோன்புப் பெருநாள் வருடந்தோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருகிறது. 2024 இல் அது ஏப்ரல் புத்தாண்டை ஒட்டி வந்ததால் இரண்டு கூட்டமும் ஒன்று சேர்ந்தது. 2025 இல் மார்ச் இறுதிக்கு நகர்ந்தது. இனிவரும் வருடங்களில் இன்னும் விலகிப் போகும். ஆனால் மலேசியாவிலும் பெருநாளுக்கு ஊர் திரும்பும் கூட்டம் உண்டு. போகும் நாட்டின் விடுமுறையையும் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். டிசம்பரில் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வாழும் இலங்கையர் கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக ஊருக்கு வருகிறார்கள். அதனால் அம்மாதத்தின் நடுப்பகுதியில் கொழும்புக்கு வரும் விமானங்களும், ஜனவரியில் கொழும்பிலிருந்து போகும் விமானங்களும் நெருக்கமாக இருக்கும்.

எவ்வளவு முன்பாக?

பல நிறுவனங்கள் ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்கு முன்பே விற்பனையைத் திறந்து விடுகின்றன. அதற்காக முதல் நாளே ஓட வேண்டியதில்லை. என் அனுபவத்தில், சென்னை, மாலைதீவு, கோலாலம்பூர், சிங்கப்பூர் போன்ற கிட்டிய இடங்களுக்குச் சாதாரண நாட்களில் இரண்டு முதல் மூன்று மாதங்கள் போதும். டிசம்பர், ஏப்ரல், பெருநாள் காலமென்றால் நான்கு முதல் ஆறு மாதங்கள். செவ்வாய்க்கிழமை இரவில் வாங்கினால் மலிவு என்பதெல்லாம் வெறும் பேச்சு. வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமைதான் முக்கியம். வார இறுதியைத் தவிர்த்து வாரத்தின் நடுவில் புறப்பட்டால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும்.

இரண்டு வாரங்கள் விலையைக் கவனித்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். வழமையான விலை எது என்பது அப்போது விளங்கும். உங்கள் கைக்கு எட்டும் தொகையை முன்பே தீர்மானித்துக் கொள்ளுங்கள். அந்த விலை வந்த அன்று வாங்குங்கள். வாங்கிய பின்னர் மீண்டும் விலை பார்க்காதீர்கள்.

டிக்கட்டுக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, கடவுச்சீட்டு. பயண நாளிலிருந்து ஆறு மாதங்களாவது செல்லுபடியாக இருப்பது நல்லது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கடவுச்சீட்டு மூன்று வருடங்களுக்கே வழங்கப்படுகிறது. பெரியவர்களுடையதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதை மறந்து விடுகிறோம். 2024 இல் கடவுச்சீட்டுப் புத்தகத் தட்டுப்பாட்டால் நீண்ட வரிசைகள் உண்டானதை நாம் பார்த்தோம்.

இரண்டாவது, பெயர். மொஹமட் என்ற ஒரு பெயரையே எங்கள் வீடுகளில் ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். டிக்கட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பின்னர் திருத்துவதற்குப் பணம் கேட்பார்கள், சில டிக்கட்டுகளில் திருத்தவே முடியாது.

மூன்றாவது, விசா. இந்த விதிகள் அடிக்கடி மாறுவதால், போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல் அந்தந்த நாட்டின் அரச இணையத்தளத்தில் பாருங்கள்.

நான்காவது, உணவு. வழமையான நிறுவனங்களில் முஸ்லிம் உணவை 24 மணித்தியாலங்களுக்கு முன்னராவது கேட்டு வைக்க வேண்டும். டிக்கட் போடும்போதே சொல்லிவிட்டால் மறதி வராது.

முந்தி வாங்குவதிலும் ஆபத்து உண்டு

2020 மார்ச்சில் கட்டுநாயக்கவுக்குப் பயணிகள் விமானங்கள் வருவது நிறுத்தப்பட்டது. சுற்றுலாப் பயணிகளுக்காக 2021 ஜனவரி 21 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டது. முன்கூட்டியே பணம் கட்டியிருந்த பலர் அதைத் திரும்பப் பெற மாதக் கணக்கில் அலைந்தார்கள். எனவே திகதி மாற்றவும் பணம் மீளப் பெறவும் உள்ள நிபந்தனைகளை வாசித்து, எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர்த்தியபோது 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. அதற்கு முன்னர் ரூபாவில் கட்டி முடித்தவர்கள் தப்பினார்கள்.

எம் பகுதி மக்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்சரிவு ஏற்பட்டு கொழும்பு - கண்டி வீதி மூடப்பட்டது. மழைக் காலத்தில் விமான நேரத்தை மட்டும் பார்த்து வேனுக்குச் சொல்லாமல், அரை நாள் முந்திக் கிளம்புங்கள்.

பணத்தை ஒழுங்கு செய்தல்

2018 இல் நாங்கள் முறையை மாற்றினோம். வீட்டிலும் உறவிலுமாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சீட்டுப் பிடித்தோம். ஜூலை மாதச் சீட்டு எனக்கு என்று முன்பே பேசி வைத்துக் கொண்டேன். அந்தப் பணத்தில் டிசம்பர் டிக்கட்டை ஜூலையிலேயே வாங்கினேன். கடனும் இல்லை, வட்டியும் இல்லை. அப்போது 160 ரூபா அளவிலிருந்த டொலர் டிசம்பரில் 180 ஐத் தாண்டியது. அந்த ஏற்றம் எங்கள் டிக்கட்டைத் தொடவில்லை.

முதலில் உம்மாவின் பெயரைத்தான் எழுதச் சொன்னேன். "முழங்கால் எப்படி உம்மா?" என்று கேட்டேன். "அது போன வருஷமே சுகமாகிட்டு" என்றார். ஆறு பேராகப் போனோம். மஸ்ஜித் இந்தியா வீதியில் ஒரு மணித்தியாலம் துணிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம கடைத் துணி இதைவிட நல்லம்" என்று தீர்ப்புச் சொல்லித் திரும்பினார்.

விலை இறங்கும் என்று காத்திருப்பது வியாபாரத்தில் சாமர்த்தியமாக இருக்கலாம். குடும்பப் பயணத்தில் அந்தக் காத்திருப்பின் விலையை வீட்டில் யாரோ ஒருவர் பேசாமல் கட்டிவிடுகிறார். நாளைத் தீர்மானித்து, கடவுச்சீட்டுகளைச் சரிபார்த்து, கைக்கு எட்டும் விலை வந்ததும் வாங்கிவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், வீட்டில் எல்லோரும் சேர்ந்தே போய் வரலாம்.