அடிமனை யாருடையது?

கேள்வி: நாங்கள் நாகப்பட்டினத்தில் நெடுங்காலமாக வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். கணவர் கடைத்தெருவில் சிறிய கடை வைத்திருக்கிறார். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை. நீலாயதாக்ஷி அம்மன் கோவில் வீதியை ஒட்டிய சந்தில் பழைய ஓட்டுவீடு ஒன்று 18 லட்சம் ரூபாய்க்கு வந்திருக்கிறது. சொந்தக்காரர்களில் சிலர் இங்கும் சிலர் மலேசியாவிலும் இருக்கிறார்கள். உறவினர்கள், பழைய வீட்டில் பணத்தைப் போடாமல் ஊருக்கு வெளியே புது நகரில் மனை வாங்கச் சொல்கிறார்கள். தரகரோ, இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்துவிட்டதால் விலை ஏறிவிடும், உடனே முன்பணம் கொடுங்கள் என்று அவசரப்படுத்துகிறார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: அம்மையீர், ஊருக்கு நடுவில் குடியிருக்க வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தில் பிசகு ஒன்றுமில்லை. கடையும் பள்ளியும் ரயில் நிலையமும் கால்நடையாகவே போய்வரும் தூரத்தில் இருக்கும் ஒரு குடும்பம், வெளியே மனையை வாங்கி, அதில் வீடு கட்ட இன்னொரு கடனையும் வாங்கி, தினந்தோறும் வண்டிக்கும் பெட்ரோலுக்கும் செலவழித்து, சாலையும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் என்றைக்கு வரும் என்று காத்திருப்பதைக் காட்டிலும், இவை யாவும் ஏற்கெனவே அமைந்த இடத்தில் ஒரு சிறு வீட்டை வாங்கிச் செப்பனிட்டு வாழ்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கோவில் வீதியருகே ஒரு வீடு இந்த விலைக்குக் கிடைக்கிறதென்றால், அந்த மலிவுக்குக் காரணம் என்ன என்பதை முதலில் விசாரித்தாக வேண்டும்.

சோழர் காலம் தொட்டுத் துறைமுகமாக விளங்கி, போர்த்துகீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர் கைக்கும், 1781-ல் ஆங்கிலேயர் கைக்கும் மாறிய நாகையில், கோவிலைச் சுற்றிய வீதிகளில் பல மனைகள் பண்டுதொட்டே தேவஸ்தானத்துக்குப் பாத்தியப்பட்டவை. தஞ்சை வளநாட்டின் கோவிலூர்கள் பலவற்றிலும் இதே நிலைமைதான். குடியிருப்பவருக்குச் சுவரும் ஓடும் கதவும் நிலையும் சொந்தம். அவை நிற்கும் அடிமனை கோவிலுடையது. அதற்கு ஆண்டுதோறும் வாடகை உண்டு. இத்தகைய வீடுகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்திருப்பதால், விற்பவர்களே சில சமயம் தாங்கள் விற்பது கட்டடத்தை மட்டுந்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ‘மேற்கட்டடம் மாத்திரம்’ என்றோ, ‘அடிமனை கோவிலுக்குப் பாத்தியம்’ என்றோ ஒரு வரி இருந்தால், நீங்கள் கொடுக்கும் 18 லட்சத்துக்கு ஒரு சதுர அடி மண்கூட உங்களுடையதாகாது.

1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, கோவிலின் அசையாச் சொத்தை ஆணையரின் அனுமதியின்றி விற்பதும், ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்டுக் குத்தகைக்கு விடுவதும் செல்லாது என்கிறது. அதே சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி நியாய வாடகை அவ்வப்போது மறுநிர்ணயம் செய்யப்படும். முப்பாட்டன் காலத்து வாடகையை நம்பி வாங்கியவர்கள் பல மடங்கு உயர்ந்த கேட்புத் தொகையைக் கண்டு திகைப்பது அதனாலேதான். வாடகை மனையில் வீடு கட்டியவர்களுக்கு அந்த மனையையே விலைக்குக் கேட்கும் உரிமையளித்த 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் பலனும், 1996-ல் செய்த திருத்தத்தினால் கோவில் மனைகளுக்கு இல்லாமற் போயிற்று. வக்பு நிலத்தின் விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். நாகூர்ப் பக்கம் வாங்குகிறவர்கள் அதையும் விசாரிக்க வேண்டும்.

ஆகையால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி, அந்தப் புல எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறதென்று பாருங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் பொதுவாக 1975 முதல்தான் பார்க்க முடியும். அதற்கு முந்திய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து, தாய்ப்பத்திரம் வரைக்கும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். கோவில் செயல் அலுவலரிடமும் புல எண்ணைக் குறித்து எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெறுங்கள். அடிமனை கோவிலுடையதென்று தெரிந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்த வீடு உங்களுக்கு வேண்டாம். அங்கே வாடகைக்கு இருக்கலாம். ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டலாகாது. கோவிலுக்குரியது கோவிலுக்கே நிலைக்க வேண்டுமென்பது சட்டத்தின் நோக்கம் மாத்திரமன்று, நியாயமும் அதுவே.

மனை சொந்த மனைதான் என்று தெளிந்தால், அடுத்த கேள்வி வாரிசுகளைப் பற்றியது. ‘ரஜூலா’ போன்ற கப்பல்கள் நாகையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஜனங்களை ஏற்றிச் சென்ற காலத்தில், அங்கே சம்பாதித்த பொருளை இங்கே வீடாக மாற்றிய குடும்பங்கள் பல. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டுப் பிரஜைகளாக இருக்கிறார்கள். இங்கே இருக்கும் அண்ணன் ஒருவரே கையெழுத்துப் போட்டு விற்றுவிட்டால், அக்கரையில் இருக்கும் தங்கையின் பங்கு கரைந்துவிடாது. இந்துக் குடும்பமாயின், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுயார்ஜிதத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் முதற்கொண்டே உண்டு; பிதுரார்ஜிதத்திலும் 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் மகளை மகனுக்குச் சமமாக்கியது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். வர இயலாதவர் பவர் பத்திரம் அனுப்பலாம். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றோடு வந்து, இந்தியாவை அடைந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்த கணமே அது உயிரற்றதாகிவிடும். ஆகையால் கிரயத்துக்கு முன் அவருடைய உயிர்வாழ் சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றைத் தரகர் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். விற்பவர் உள்நாட்டில் வசிப்பவராயின், 50 லட்சத்துக்குக் குறைந்த கிரயத்தில் நீங்கள் வருமான வரி பிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசிப்பவருக்கோ அந்த வரம்பே கிடையாது. அவர் பங்குக்குரிய வரியைப் பிடித்துச் செலுத்தும் கடமை வாங்குகிறவருடையது. அதைத் தவறவிட்டால் வரி உங்கள் தலையில் விழும். இந்த ஒரு காரியத்துக்காகவேனும் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

இனி வீட்டைப் பற்றி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று அமைந்த அக்காலத்து வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. உப்புக் காற்றையும் தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் உறிஞ்சி, வெயிலில் மறுபடி வெளியே விடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கட்டுமென்று அந்தச் சுவர்மேல் சிமெண்டைப் பூசிவிடுகிறார்கள். உள்ளே அகப்பட்ட ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சோடு செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிறது. அவ்வாறு பூசிய இடங்களைத் தட்டிப் பாருங்கள். உத்தரங்களின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் கரையானும் உளுப்பும் ஆரம்பமாகும். நடுமரம் வைரம்போல் இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் தளம் இருந்தால் அதன் அடிப்பக்கத்தை நோக்குங்கள். காரை விரிந்து துருப்பிடித்த கம்பி தெரியுமானால், அந்தப் பகுதியை இடித்துவிட்டுத்தான் மறு யோசனை. பழைய ஓட்டுப் பகுதி கடற்கரைக் காற்றில் அதைவிட நீடித்து நிற்கும் என்பது என் அனுபவம்.

வீட்டை மழைக்காலத்தில் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் விடாமல் மழை பெய்த மறுநாள் காலை அந்தச் சந்தில் போய் நில்லுங்கள். தார் போடுந்தோறும் தெரு உயர்ந்துகொண்டே போக, வீட்டின் தரை மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டதனால், வாசற்படி தாண்டித் தண்ணீர் உள்ளே வரும் வீடுகள் ஊரின் நடுவே ஏராளம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு எவ்வளவு பறந்தது, எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதை அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். அவர்களிடமே பொதுச்சுவரைப் பற்றியும், கொல்லைத் தண்ணீர் யார் மனை வழியாக வடிகிறது என்பதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். அடியோடு இடித்துக் கட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், இன்றைய கட்டட விதிகளின்படி நாற்புறமும் எவ்வளவு இடம் விடவேண்டுமென்பதை நகராட்சியில் முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள். சந்துக்குள் இருக்கும் குறுகிய மனையில், இடித்தபின் கட்டக் கிடைக்கும் இடம் இப்போதுள்ள வீட்டைவிடச் சிறுத்துவிடக் கூடும்.

தரகரின் அவசரத்துக்கு நீங்கள் செவி சாய்க்க வேண்டியதில்லை. காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் புறப்பட்டது. பல ஆண்டுகளாக அறுந்து கிடந்த இரு கரைகளின் உறவு மீண்டும் தளிர்ப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷமே. ஆயினும் பருவ மழையில் நின்றுவிடும் ஒரு பயணிகள் கப்பலைக் காட்டி, ஒரு சந்து வீட்டின் விலையை நிர்ணயிப்பது நியாயமாகாது.

செலவுக் கணக்கு சுருக்கமானது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிரயத் தொகை, வழிகாட்டி மதிப்பு இவ்விரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கிடுவார்கள். 18 லட்சத்துக்கு 1,62,000 ரூபாய் ஆகும். பெண்கள் பெயரில் பதிந்தால் ஒரு சதவீதம் குறையும் சலுகை 10 லட்சம் வரையிலான சொத்துக்கே, உங்களுக்குப் பொருந்தாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்கு உட்பட்டு, வேறெங்கும் சொந்த வீடு இல்லாதவராயின், பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1,80,000 ரூபாய் வரை வட்டி மானியம் ஐந்து தவணைகளில் கிடைக்கக்கூடும்; கடன் கொடுக்கும் வங்கியிலேயே மனுச் செய்யலாம். வங்கிப் பொறியாளர் பழைய கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைக் குறைத்து மதிப்பிட்டு, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த கடனையே சிபாரிசு செய்யலாம். செப்பனிடும் செலவுக்காகக் கையில் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிக்கொண்ட பிறகே விலையைப் பேசுங்கள்.

கேள்வி: கடற்கரைக்கு மிக அருகில் மனை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகர், நாகூர்

பதில்: 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டதையும், அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் பட்ட பாட்டையும் நினைவுகூராமல் இக்கேள்விக்கு விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டப்படியும் உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கு உட்பட்டது. நகரப் பகுதியில் ஏற்கெனவே அமைந்த சாலைக்கோ அங்கீகாரம் பெற்ற கட்டடத்துக்கோ நிலப்புறமாகத்தான் புதுக்கட்டடம் எழுப்பலாம். மனை அவற்றுக்குக் கடற்புறமாக இருந்தால் விலைக்கு வாங்கினாலும் வீடு கட்ட அனுமதி கிடைக்காது. புல எண்ணைக் கடலோர மண்டல வரைபடத்தில் ஒப்பிட்டுக் காட்டும்படி விற்பவரையே கேளுங்கள். அவர் தயங்கினால் மேற்கொண்டு பேச வேண்டாம்.