நம்பிக்கைகளும் உண்மைகளும்: பள்ளிக்கூடத்துக் கரண்ட் எங்கே போகிறது?

காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையில் இருக்கிறது பெருநகர். இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்பறைக்கு ஏ.சி. ஏது? ஃபேன், டியூப்லைட், தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான். “இதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களுக்காக:

நம்பிக்கை: ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தால் அறை குளிர்ந்திருக்கும்.
உண்மை: ஃபேன் அறையைக் குளிர்விக்காது. உடம்பின் வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குச் சில்லென்று இருக்கிறது. ஆளில்லாத அறையில் சுற்றினால் மோட்டார் சூடுதான் மிச்சம். 75 வாட் ஃபேன் ஒன்றை வெள்ளி மாலை 4 மணிக்கு நிறுத்த மறந்தால், திங்கள் காலை 9 மணிக்குள் ஏறக்குறைய 5 யூனிட் போய்விடும்.

நம்பிக்கை: வேகத்தைக் குறைத்தாலே கரண்ட் மிச்சம்.
உண்மை: எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் சரி. பழைய டப்பா ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். ஃபேனுக்குப் போகாத மின்சாரத்தில் ஒரு பகுதி அங்கே வெப்பமாகிறது. 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் மாட்டினால், தினம் 7 மணி நேரம், 200 நாள் ஓட்டத்தில் ஒரு ஃபேனுக்கு 63 யூனிட் குறையும்.

நம்பிக்கை: டியூப்லைட்டை அடிக்கடி அணைத்துப் போட்டால் செலவு கூடும்.
உண்மை: எரியத் தொடங்கும்போது கூடுதலாக இழுப்பது நொடிப்பொழுதுதான். இடைவேளைக்கு அணைத்தால் லாபமே. பழைய 40 வாட் டியூப்பின் சோக்கும் தனியாக 10 வாட்டுக்கு மேல் தின்கிறது, எல்.இ.டி. டியூப்புக்கு மொத்தமே 20 வாட் போதும்.

நம்பிக்கை: டேங்க் வழிந்தால் தண்ணீர்தான் வீண்.
உண்மை: ஒரு எச்.பி. என்பது 746 வாட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால், ஒரு மணி நேரம் வழிய விட்டால் ஏறக்குறைய ஒரு யூனிட் வழிகிறது.

நம்பிக்கை: மேல்மாடி வகுப்பின் வெக்கைக்கு இன்னொரு ஃபேன்தான் வழி.
உண்மை: வெயிலை வாங்கிக் காய்வது தளம். கூடுதல் ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிவிடும். தளத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பெயின்டோ அடித்தால் சூடு உள்ளே இறங்குவதே குறையும்.

“பிள்ளைகள் அணைப்பதில்லை” என்று திட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வெள்ளி மாலை பள்ளியைப் பூட்டும்போது மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை திறந்ததும் மறுபடி பாருங்கள். ஏறியிருக்கும் யூனிட் ஒரு பிள்ளைக்கும் பயன்படாதது. அந்த எண்ணை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள்.