குற்றாலத்துக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு

1. தென்காசியில் மழையா என்று விசாரித்துக் கிளம்பாதீர்கள். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் காற்று ஊரில் சாரலைத்தான் தெளிக்கும். பெருமழையெல்லாம் மலைக்கு மேலே. ஊரில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே ஐந்தருவி கிளை பிரியாமல் ஒரே திரையாகக் கொட்டும்.

2. கனமழை பெய்த அன்றே ஓடிவர வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடைதான். காவலரிடம் கெஞ்சி நிற்பது வீண் வேலை. தள்ளி நின்று பாருங்கள். அந்தக் கோலத்தில் அருவியைப் பார்ப்பதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

3. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ, உடனே வெளியே வாருங்கள். துண்டைத் தேடாதீர்கள், செருப்பைத் தேடாதீர்கள், நண்பனின் கையை மட்டும் தேடுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் இப்படித்தான் வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்போது சீசன்கூடத் தொடங்கவில்லை, கோடை மழை. ‘சீசன் இல்லையே, தண்ணீர் கொஞ்சம்தானே’ என்று யாராவது சொன்னால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

4. பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். அவ்வளவும் நேராகத் தலையில் இறங்கினால் கழுத்து தாங்குமா? நடுவில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் நம் மேல் விழுகிறது. அந்தக் குழியைப் படம் எடுக்கிறேன் என்று பாறை ஏறுகிறவன் எந்தக் கூட்டத்திலும் ஒருவன் இருப்பான். உங்களில் அது யார் என்று உங்களுக்கே தெரியும். எல்லோருடைய பைகளையும் அவன் தோளில் மாட்டிவிடுங்கள்.

5. குடித்தவனுக்கு அருவியில் இடமில்லை. இதில் பேச்சே கிடையாது.

6. எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது, நீதிமன்றமே தடுத்திருக்கிறது. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நுழைந்த தலைமுறை நாங்கள், எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் தடை சரி. இந்தத் தண்ணீர் சிற்றாறாகப் போய், வயலுக்குப் பாய்ந்து, தாமிரபரணியில் சேர்கிறது.

7. வார நாளில், விடியற்காலையில் போனால் தள்ளுமுள்ளு குறைவு.

8. தடை போட்ட நாளில் அறையில் படுத்துக் கிடக்காதீர்கள். நடராஜர் சிலையாக அல்லாமல் ஓவியமாக இருக்கும் சித்திர சபை பக்கத்திலேயே இருக்கிறது. பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் மங்குஸ்தான் கிடைத்தால் விலை பேசி வாங்குங்கள். மாலையில் செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டருக்குப் போனால் சால்னாவோடு பரோட்டா. குளிக்கிற நாளாக இருந்தால் மட்டும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் குளியல், பிறகு பரோட்டா. வயிறு நிறைந்தவன் அருவிக்கடியில் ரொம்ப நேரம் நிற்க மாட்டான்.