வேகங் குறைந்தால் நின்றுவிடும் நீரிறைக்கும் இயந்திரம்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலப் பகுதியில், தேவஹுவக் குளம் போன்ற குளங்களின் நீரால் நெல் விளைகின்றது. சிறுபோகத்தில் பெரிய வெங்காயம், மிளகாய், மரக்கறி ஆகியவற்றுக்குக் கிணற்று நீரே பெருந்துணையாகும். 1989ஆம் ஆண்டில் தொடங்கிய அரசாங்க மானியத் திட்டத்தின் பின்னர் உலர் பிரதேசத்தில் விவசாயக் கிணறுகள் பெருகின. அவற்றோடு பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் இயங்கும் சிறு எஞ்சின்களும் பெருகின.

இவ்வெஞ்சின்களில் அடிக்கடி காணப்படும் ஒரு குறை உண்டு. வேகமாக ஓடும்போது நன்கு ஓடும். வேகத்தைக் குறைத்தவுடன் தடுமாறி நின்றுவிடும். இதன் காரணத்தைக் கமக்காரர் தாமே பெரும்பாலும் கண்டறியலாம்.

முதலில் செய்யவேண்டியது

எஞ்சின் கிணற்றினுள் இறக்கப்பட்டிருப்பின், அதனை வெளியே எடுத்துத் திறந்த வெளியில் வைத்தே சோதித்தல் வேண்டும். பம்பி ஏறக்குறைய 7 மீற்றருக்கு மேல் நீரை உறிஞ்சுவது அரிதாகையால், நீர்மட்டம் தாழுங் காலத்தில் சிலர் எஞ்சினைக் கிணற்றினுள் இறக்குகின்றனர். அங்கே எஞ்சின் தான் விட்ட புகையையே மீண்டும் உறிஞ்சித் தடுமாறும். ஆகவே கிணற்றினுள் எஞ்சின் நின்றுபோவது, அங்கு நல்ல காற்றுக் குறைந்துவிட்டது என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு நிறமும் மணமும் அற்றது. சிறிது நேரத்தில் உயிரைப் போக்கும். நின்ற எஞ்சினை மீண்டும் இயக்கக் கிணற்றில் இறங்குதலும், மயங்கியவரைக் காக்க வேறொருவர் உடனே இறங்குதலும் ஆபத்தாகும்.

குறை தோன்றுவதற்குக் காரணம்

வேகங் குறையும்போது காபரேற்றரின் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்கின்றது. அப்போது எரிபொருள் ஊசிமுனை போன்ற ஒரு சிறு துவாரத்தின் வழியாக மட்டுமே வரும். அதில் சிறு தூசி அடைத்தாலும், இணைப்பொன்றில் சிறிது காற்றுப் புகுந்தாலும், கலவை கெட்டு எஞ்சின் நிற்கும். வேகமாக ஓடும்போது காற்றும் எரிபொருளும் மிகுதியாகச் செல்வதால் அதே குறை மறைந்துவிடும். வேகமாக ஓடும்போதும் எஞ்சின் நிற்குமாயின், எண்ணெய்த் தாங்கி மூடியின் காற்றுத் துவாரம், குழாய், வடி ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும்.

சோதிக்கும் ஒழுங்கு

1. பெற்றோலில் ஓட்டிப் பார்த்தல். பெற்றோலில் மெதுவாக நன்கு ஓடி, மண்ணெண்ணெயில் மட்டும் நின்றால், எஞ்சின் போதிய சூடடையவில்லை என்று கொள்ளலாம். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் நன்கு ஆவியாகாது. எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நெடுநேரம் மெதுவாக ஓடவிடின், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலிற் கலந்து அதனை நீர்க்கச் செய்யும்.

2. பிளக்கைக் கழற்றிப் பார்த்தல். நுனி இளங் கபில நிறமாயின் கலவை சரியானது. உலர்ந்த கரி படிந்திருப்பின் எரிபொருள் மிகுதி. காற்று வடியைச் சுத்தஞ் செய்க. வெண்மையாயின் எரிபொருள் குறைவு. பெரும்பாலான சிறு எஞ்சின்களில் பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் ஆகும்.

3. சோக்கைச் சிறிது மூடிப் பார்த்தல். சூடேறிய எஞ்சின் மெதுவாக ஓடும்போது இதனைச் செய்க. ஓட்டம் சீரடைந்தால் எரிபொருள் போதவில்லை, அல்லது வேண்டாத காற்றுப் புகுகின்றது. ஓட்டம் மேலுங் கெட்டால் எரிபொருள் மிகுந்துள்ளது.

4. காற்றுப் புகும் இடத்தைக் காணல். காபரேற்றர் எஞ்சினோடு சேரும் இணைப்பில் சவர்க்கார நீரைச் சிறிது பூசுக. ஓட்டம் மாறினால் அங்கே காற்றுப் புகுகின்றது. நட்டுக்களை இறுக்குக, கெட்ட காஸ்கற்றை மாற்றுக. இச்சோதனைக்குப் பெற்றோலை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

5. ஜெட்டைச் சுத்தஞ் செய்தல். எஞ்சின் ஆறிய பின் எரிபொருளை அடைத்து, காபரேற்றர்க் கிண்ணத்திலுள்ள நீரையும் அழுக்கையும் அகற்றுக. மெதுவோட்ட ஜெட்டைப் பெற்றோலிற் கழுவி, காற்றை ஊதுக. கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்துவிடும்.

6. அமுக்கத்தைப் பார்த்தல். இயக்குங் கயிற்றை மெல்ல இழுக்கும்போது எதிர்ப்பு மிகக் குறைவாயின், வால்வு சரியாக மூடாதிருக்கலாம். இதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தல் நன்று.

செய்யத்தகாதது

எஞ்சின் நிற்கின்றதென்று வேகந்தாங்கும் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டுதல் பலரது வழக்கம். இதனால் குறை தீராது, மறையும், எண்ணெயும் வீணாகும். குறையை நீக்கிய பின்னர், இறுதியிலேயே திருகைச் சரிசெய்க. வேலை முடிந்து எஞ்சினை நிறுத்துமுன் சில நிமிடம் பெற்றோலில் ஓட்டினால் மறுநாள் எளிதில் இயங்கும்.

காபரேற்றர் பூட்டிய பழைய மோட்டார்க் கார்களுக்கும் இச்சோதனைகளிற் பல பொருந்தும். பிளக்கும் காபரேற்றரும் இல்லாத டீசல் எஞ்சின்களுக்கு இவை பொருந்தா.

வெங்காயம் நீருக்கு வாடும் வேளையில் அவசரம் இயல்பே. எனினும் ஒருவேளை நீர் தாமதித்தால் பயிர் ஓரளவு தேறும். கிணற்றில் போன உயிர் மீளாது. ஆகவே எஞ்சின் நின்றால், முதலில் அதனை மேலே எடுங்கள். பின்னர் காரணத்தைத் தேடுங்கள்.