இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைத் தூங்க வைப்பது எப்படி?

இந்தக் கணினிப் பாடத்தை நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் அடுக்குமாடி வீட்டில் கணினி இருப்பது ஹாலில். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். காலையில் வந்து பசியாறிவிட்டு அதே ஹாலில்தான் படுப்பார். என் கணினிக்குள் ரெண்டு டிஸ்க். லினக்ஸ் இருப்பது எஸ்எஸ்டியில். அதில் சுழலும் பாகமே இல்லை, சத்தமும் இல்லை. இன்னொன்று பழைய கணினியிலிருந்து கழற்றி மாட்டிய ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று. பெட்டியின் தகரமும் சேர்ந்து அதிர, நாள் முழுக்க இரையும்.

ஒருநாள் அப்பா, "தம்பி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிப்பாட்டுப்பா, கண்ண மூட முடியல" என்றார். அப்போதுதான் பாட்டி ரப்பர் தோட்டத்துக் கதை சொன்ன குரல்பதிவுகளைக் கைப்பேசியிலிருந்து அந்த டிஸ்க்குக்கு மாற்றியிருந்தேன். திரையில் வேலை முடிந்துவிட்டதாகத் தெரிந்தது. கைப்பேசியில் இருந்ததை உடனே அழித்தேன். பெட்டியைத் திறந்து, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கின் மின்வயரைப் பிடுங்கிவிட்டேன்.

சத்தம் நின்றது. அப்பா தூங்கினார். மாலையில் வயரை மாட்டிப் பார்த்தால், கடைசிப் பதிவின் பெயர் மட்டும் இருந்தது, அளவு பூஜ்யம். பாட்டி அதற்கு முன்பே தவறிவிட்டார். மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க முடியாது.

ஏன் இப்படி ஆனது? நாம் எழுதச் சொல்வதை லினக்ஸ் முதலில் நினைவகத்தில்தான் வைக்கிறது. அது டிஸ்க்கில் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் நான் வயரைப் பிடுங்கிவிட்டேன். சரியான வழி இதுதான்.

1. முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீரான இரைச்சல் என்றால் பெரும்பாலும் சுழற்சியின் சத்தம். 'டக், டக்' என்று விட்டுவிட்டுத் தட்டினால் டிஸ்க் கெடப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தாதீர்கள், மறுபடி சுழலாமலே போகலாம். முக்கியமானவற்றை உடனே வேறு இடத்துக்கு நகல் எடுங்கள்.

2. எது எந்த டிஸ்க் என்று பாருங்கள். டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை எல்லா டிஸ்க்குகளையும் அளவோடு காட்டும். என் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் 'எஸ்டிபி'. கணினியைத் தொடங்கும்போது இந்தப் பெயர் மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள். லினக்ஸ் இருக்கும் டிஸ்க்கைத் தொடவே கூடாது.

3. இணைப்பை விடுவியுங்கள். இதற்கு 'யூமவுண்ட்' கட்டளை. டைப் செய்யும்போது 'யூ'வுக்கு அடுத்து 'எம்' வரும், நடுவில் 'என்' கிடையாது. நினைவகத்தில் காத்திருப்பதையெல்லாம் டிஸ்க்கில் எழுதிய பிறகுதான் இது முடியும். அன்றைக்கு நான் விட்டது இந்தப் படியைத்தான்! டிஸ்க் 'பிஸி' என்று மறுத்தால், ஏதோ ஒரு செயலி அதிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. எது என்று 'எல்எஸ்ஓஎஃப்' காட்டிக் கொடுக்கும். அதை மூடிவிட்டு மறுபடி முயலுங்கள்.

4. இப்போது தூங்க வையுங்கள். 'எச்டிபார்ம்' கட்டளையை 'சுடோ'வுடன், சிறிய 'ஒய்' சேர்த்து, டிஸ்க்கின் பெயரோடு கொடுங்கள். சில விநாடிகளில் சுழற்சி அடங்கும். பெரிய 'ஒய்' வேண்டாம். அது ஆழ்ந்த உறக்கம், எழுப்புவது சிரமம்.

5. பெரிய 'சி' சேர்த்து அதே கட்டளையைக் கொடுத்தால் நிலை தெரியும். 'ஸ்டாண்ட்பை' என்று வந்தால் தூங்குகிறது என்று பொருள். மறுபடி மவுண்ட் செய்தால் தானே விழித்துக்கொள்ளும். சில விநாடி பொறுங்கள். யூஎஸ்பி பெட்டியில் இருக்கும் சில டிஸ்க்குகள் இந்தக் கட்டளையைக் கேட்காது.

நாமே நிறுத்த மறந்துவிடுவோம் என்றால், பெரிய 'எஸ்' உடன் 120 கொடுக்கலாம். ஒரு எண்ணுக்கு 5 விநாடி. ஆக, 10 நிமிடம் சும்மா இருந்தால் டிஸ்க் தானே அடங்கும். ஆனால் நேரத்தை ரொம்பக் குறைக்காதீர்கள். அடிக்கடி நின்று நின்று ஓடினால் டிஸ்க் சீக்கிரம் தேயும்.

அப்படியே இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் குரலோ படமோ ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்தால், இந்த வாரமே இன்னொரு நகல் எடுத்து வையுங்கள். பாட்டியின் மற்றப் பதிவுகள் இப்போது அக்கா வீட்டிலும் ஒரு நகலாக இருக்கின்றன.

அப்பா காலையில் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் யூமவுண்ட் போட ஆரம்பித்துவிடுவேன். அவர் பசியாறி முடிப்பதற்குள் ஹால் அமைதியாகிவிடும்.