வெற்று மருந்தும் வலியும்

மருந்துச் சத்து சிறிதுமில்லாத மாத்திரையாலும் சிலருக்கு வலி தணிவதுண்டு. ஆதலின் அவ்வலி பொய்யெனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது.

1978-ஆம் ஆண்டில் லெவின், கார்டன், பீல்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர், கடைவாய்ப் பல் அகற்றப்பட்டவர்களிடம் இதனைச் சோதித்தனர். வெற்று மருந்தால் வலி தணிந்தவர்களுக்கு நலாக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் வலி மிகுந்தது. நலாக்சோன், மார்பின் போன்ற அபினி இன மருந்துகளின் செயலைத் தடுப்பதாகும். எனவே, நிவாரணத்தை எதிர்நோக்கும் மூளை அபினியை ஒத்த பொருள்களைத் தானே வெளிவிட்டு வலியை அடக்குகிறது என்பதற்குச் சான்று கிடைத்தது. பிற்கால மூளைப் படச் சோதனைகளும் இதனை வலியுறுத்தின.

வலியும் மெய், தணிவும் மெய். ஆயினும் வலி தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு. முறிந்த எலும்பு வெற்று மாத்திரையால் கூடுவதில்லை. சீழ்க்கட்டியின் கிருமிகள் அழிவதுமில்லை.

மந்திரித்த கயிற்றால் நோவு குறைந்தது என்பாரைக் களப்பணியாளர் நகையாடலாகாது. எனினும் அவரை மருத்துவரிடம் அனுப்பத் தாமதிக்கவுமாகாது. மெய்யான மருந்தையும் அதன் பயனை விளக்கியே அளித்தல் வேண்டும். நோயாளி அறியாவண்ணம் செலுத்தப்படும் வலி மருந்து, அறிந்து பெறுவதினும் குறைந்த பயனே தருவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன.